பூங்குழலி பட்டியல் பூட்டிய படலம்

முக்குன்றம் சூழ் செஞ்சி மாநகரில், கணிப்பொறிப் பொறியியலில் இளநிலைப் பட்டம் வென்றும் வேட்கை தணியாது முதுநிலை மேல் படையெடுத்த பூங்குழலி வாழ்க. கண்ணாடிக்குப் பின்னே கனலும் விழியாள், இணையம் அறுந்தும் நெஞ்சம் அறாத இரும்பனையாள், கலந்தாய்வு என்னும் பெருங்களத்தில் நின்ற திறம் கூறுவாம், கேண்மின்.

விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தி, மாலை ஐந்து மணிக்குள் பட்டியலைப் பூட்ட வேண்டும் என்பது அக்களத்தின் விதி. பூட்டியதைப் பிரமனும் திறக்க இயலான். பட்டியலின் முதலிடம் எதற்கு என்பதே போர். கோயம்புத்தூர்க் கல்லூரியை அரியணை ஏற்றச் சூளுரைத்தாள் மகள். காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பத்தக்க விழுப்புரத்துக் கல்லூரிக்கே முடிசூட்டச் சூளுரைத்தார் தந்தை, வல்லத்து வயல்களை ஆளும் கலியபெருமாள். மூன்று நாள் மூண்ட போரில் சோறு ஆறியது, சுற்றம் ஒதுங்கியது, தாய் வசந்தா எத்தரப்பிலும் சேராது ரசம் வைத்தாள்.

நான்காம் நாள் நாலே முக்காலுக்குக் கோயம்புத்தூரை உச்சியில் ஏற்றி, தன் கைப்பேசியில் பூட்டும் பொத்தானை வீராங்கனை அழுத்தினாள். அந்தோ, பத்தே நிமிடம் ஆயுள்கொண்ட ஆறிலக்க ஓடிபி, விண்ணப்பத்தில் எண் தந்திருந்த தந்தையின் கைப்பேசியில் போய் விழுந்தது. அவரோ விற்பனைக்கூடத்தில், நெல்மூட்டை மலைகளின் நடுவே, அசையா வேழமென வீற்றிருந்தார். அவள் அழைத்தாள்.

"நம்பர் வந்துட்ச்சு," என்றார் கலியபெருமாள். "மொதல்ல இன்னா போட்ட?"

"கோயம்புத்தூரு, நைனா."

"அப்ப நம்பர் என்கிட்டயே இருக்கட்டும்."

மறுகணம் ஸ்கூட்டி என்னும் புரவியேறி, கடைத்தெருவின் பூக்கூடைகளையும் கொய்யாப்பழ வண்டிகளையும் பகைப்படையெனப் பிளந்து, திருவண்ணாமலை பஸ் விடுத்த சங்கொலிக்கு அஞ்சாது, ராஜகிரிக் குன்றை ஏறிட்டும் பாராது விரைந்து, விற்பனைக்கூட வாயிலில் அவள் புகுந்தபோது ஓடிபிக்கு நான்கு நிமிட ஆயுளே மிச்சம்.

தந்தை நிமிர்ந்தார். "அங்க இன்னாம்மா இருக்குது, இங்க இல்லாதது?"

"இங்க கம்ப்யூட்டர் சிப்ப வாங்கி வச்சி அதுக்கு ப்ரோகிராம் எழுதுவாங்க, நைனா. அங்க சிப்பையே டிசைன் பண்றாங்க. எனக்கு அதான் கத்துக்கணும்."

மூட்டை தைக்கும் ஊசிகள் நின்றன.

"வாரம் ஒருக்கா வந்துட்டுப் போவியா?"

"மாசம் ஒருக்கா வரேன்."

களிறு தலை தாழ்ந்தது. சட்டைப்பையில் கண்ணாடி தேடி அணிந்து, வேதம் ஓதுவார் போல் ஒவ்வோர் இலக்கமாக அவர் உரைக்க, அவள் விரல் அம்பெனப் பாய, பட்டியல் பூட்டுண்டது. வெற்றிமுரசென லாரியிலிருந்து மூட்டையொன்று வீழ்ந்தது. எடைபோடுவோர் இமைக்க மறந்தனர். தந்தை நெல்லைக் கையில் அள்ளி, தரம் பார்ப்பது போல் நெடுநேரம் பார்த்தார்.

அடுத்த புதன்கிழமை முடிவு வந்தது. சும்மா மூன்றாவதாகப் போட்டுவைத்த சேலம் கிடைத்திருந்தது.