வெளிச் சிற்பியும் அக்காவின் முற்றமும்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து, வீடு என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவரை என் அக்காவுக்கு அறிமுகப்படுத்திய பெருமை என்னையே சேரும்.

அக்கா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். நடுவில் முற்றம், சுற்றிலும் ஐந்து அறைகள் கொண்ட வீட்டில் தனியாக இருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் தங்கும் இளசுகளுக்கு நான்கு அறைகளை விடலாம் என்று முடிவு செய்தாள்.

"பசங்க நடமாட்டம் இருந்தா வீடு கலகலன்னு இருக்கும்டா" என்றாள்.

நான் உடனே 'வெளிச் சிற்பி'யை அழைத்து வந்தேன். உள் அலங்காரம் செய்பவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். முதல் ஆலோசனைக் கூட்டம் முற்றத்தில், மூவர் முன்னிலையில் இனிதே நடைபெற்றது.

"இங்க 'வெளி' பத்தலை மேடம்" என்றார் சிற்பி.

"வாசக்கதவைத் திறந்தா எல்லாம் வெளிதானே சார்?"

சிற்பி பெருந்தன்மையாக மன்னித்தார். அக்கா விடவில்லை. "சரி, துணி எங்க காயப்போடுவாங்க?"

"இந்தத் தலைமுறை துணி காயப்போடாது மேடம். அனுபவங்களைச் சேகரிக்கும்."

"மூணு மாசமும் ஒரே சட்டையிலயா?"

"அக்கா, பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே" என்றேன். சிற்பிக்கு வயது இருபத்தொன்பது.

திருப்பணி தொடங்கியது. முற்றத்தில் கணுக்கால் புதையும் அளவுக்கு வெள்ளைக் கூழாங்கல் கொட்டினார்கள். சுவர் 'மூச்சுவிட' வேண்டும் என்பதால் ஓர் ஆணிகூட அனுமதிக்கப்படவில்லை. மேஜை 'அதிகாரத்தின் சின்னம்' என்று தள்ளுபடியானது. கட்டில் ஒரு சாண் உயரம். பிளக் பாயின்ட் கண்ணை உறுத்தும் என்பதால் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"சார்ஜ் போடணும்னா என்ன பண்றது?"

"தவழணும் மேடம். தவழும்போதுதான் மனுஷனுக்குப் பணிவு வரும்."

அக்காவின் சொந்த அறையை மட்டும் அவர் தொடவில்லை. இரும்பு பீரோ, பெரிய மேஜை, நாலு பிளக், ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி. 'காட்சிக்கு உகந்ததல்ல' என்று ஒரு திரை போட்டு மறைத்துவிட்டார்.

முதலில் மூன்று பேர் வந்தார்கள். ஒரு பெண், அவளுடைய சிநேகிதர்கள் இருவர். சக்கரப் பெட்டிகள் கூழாங்கல்லில் புதைந்து நின்றன. மூன்றாம் நாள் அந்தப் பெண் ஈரத் துண்டோடு முற்றத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "ஆன்ட்டி, இதை எங்க போட?" என்று கேட்டாள். அக்கா திரையை விலக்கித் தன் கொடியைக் காட்டினாள். அடுத்த நாள் ஒருவன் முட்டியில் சிராய்ப்போடு பிளக் தேடி வந்தான். அந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் அக்காவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். நடுநடுவே அக்கா அவர்களுக்கு வட்டிக் கணக்கு விளக்கினாள். வீடு கலகலத்தது. அவள் மதியம் கண்ணயரத்தான் அங்கே இடம் இல்லை. அதனால் சிற்பி அலங்கரித்ததில் காலியாகக் கிடந்த நாலாவது அறைக்குப் போய்ப் படுத்தாள்.

அப்படி அவள் படுத்திருந்த ஒரு மதியம், சிற்பி வீட்டு வடிவமைப்பு விருதுக்கான நடுவர்களோடும் ஒரு போட்டோகிராபரோடும் வந்து சேர்ந்தார். கட்டிலைப் பார்த்துப் பதறிப்போனார்.

"மேடம், கொஞ்சம் வெளிய போங்க! ஆள் இருந்தா அறை கெட்டுடும்!"

அக்கா எழப் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கையை நீட்டி, "தூக்கி விடுங்க சார். கட்டிலைத் தாழ்த்தினது நீங்கதானே" என்றாள். சிற்பி போட்டோகிராபரைப் பார்த்தார். போட்டோகிராபர் கூரையைப் பார்த்தார். கடைசியில் துண்டுக்காரப் பெண் ஓடி வந்து தூக்கினாள்.

"நீங்க அந்தப் பக்கம் வாங்க ஆன்ட்டி, இங்க மனுஷங்க இருக்க முடியாது" என்றாள்.

சிற்பிக்கு விருது கிடைத்தது, 'மனிதத் தொந்தரவு அறவே இல்லாத வசிப்பிடம்' என்ற பிரிவில். மிகவும் நியாயமான தீர்ப்பு. பரிந்துரைக் கடிதத்தில் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கிப் பார்க்காதவன் என்பதால், அதற்கான முழுத் தகுதியும் எனக்கு இருந்தது.