மூச்சுவாங்கி மண்டகப்படி

ஒருவன் பலசாலி என்று ஊர் நம்பினால் பாதகமில்லை. அவனே நம்பிவிட்டால்தான் கஷ்டம். இருபது வயதில் நான் நம்பினேன். அந்தத் தப்புக்கு எங்கள் அம்மனையே நடுரோட்டில் நிறுத்திவைத்தவன் நான்.

சர்க்கார் சண்டைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். வாடிப்பட்டிச் சந்தையில் புளியமரத்தடியில் ஒரு ஜமேதார் அளவு நாடாவோடு நிற்பார். என் மாரைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாரு பத்தாது தம்பி. சதையும் ஏத்து, ஓடியும் பழகு. ரெண்டும் சேர்ந்தாத்தான் பட்டாளம்" என்றார். நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். (இரண்டாம் பாதி சந்தையிலேயே விழுந்துவிட்டது.)

கோரிப்பாளையத்தில் விறகுக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் ஊருக்கு மரம் பார்க்க வருவார். அவரிடம் ஒரு ஜோடி பழைய கர்லாக்கட்டை வாங்கினேன். அதோடு தண்டால், பஸ்கி, சாவடி முன்னால் கிடந்த இளவட்டக்கல். காலையில் ஊறின கொண்டைக்கடலை, மத்தியானம் உளுந்தங்களி, சாயங்காலம் பச்சை முட்டை. மாசி முடிவதற்குள் என் கைகள் விலாவோடு ஒட்ட மறுத்துவிட்டன. இரண்டு கக்கத்திலும் தேங்காய் இடுக்கியவன் மாதிரி நடந்தேன். சட்டை போடுவதையே விட்டுவிட்டேன். (போட்டால் யாருக்குத் தெரியும்?)

என் அத்தை மகன் சோணைக்கும் பட்டாள ஆசை. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டிவிட்டாற்போல இருப்பான். அவன் பழகியது ஓட்டம் மட்டும். விடிந்ததும் பெரியாறு கால்வாய்க் கரையில் ஓடுவான்.

"மாப்ள, கூட ஓடி வாயேன்" என்பான்.

"ஓடுறது பயந்தவன் வேலைடா. நான் நின்னு அடிக்கிறவன்" என்பேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் பெண்சாதி அங்கம்மா இதைக் கேட்டுச் சிரிப்பாள். "கெணத்துல ரெண்டு வாளி எறைக்கவே நாக்குத் தள்ளுது. அங்க போயி எதிரிய நிக்கச் சொல்லிட்டு மூச்சு வாங்குவீகளாக்கும்?"

அப்பாவுக்கு என்னை அனுப்ப மனமில்லை. நேராகச் சொல்லாமல் ஒரு பந்தயம் வைத்தார். "பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரத்துல முன்கொம்பு பிடி. ஆள் மாத்தாம ஒரு சுத்து வந்தேன்னா பட்டாளத்துக்குப் போ. இல்லேன்னா ஏரைப் பிடி."

"இம்புட்டுத்தானா?" என்றேன். இன்றுவரை அங்கம்மா என்னைக் குத்திக்காட்டும் வார்த்தை அது.

சப்பரம் நிற்கிற இடத்தை மண்டகப்படி என்போம். வழியில் சில வீட்டாருக்கு அந்த உரிமை உண்டு. அங்கே மட்டும்தான் ஊன்றுகட்டைகளைக் கொடுத்துச் சப்பரத்தை நிறுத்துவோம். கட்டை ஊன்றிவிட்டால், அந்த இடத்துக்காரர் கொடுக்கும் நைவேத்தியத்தை வைத்துத் தீபாராதனை காட்டாமல் அம்மனை எடுக்கக்கூடாது. வயல் வேலை செய்யும் கூலிச் சனங்களின் தெருவுக்கு மண்டகப்படி கிடையாது. அந்தத் தெருமுனையைச் சப்பரம் வேகமாகக் கடந்துவிடும். அவர்கள் எட்ட நின்று கும்பிட்டுக்கொள்வார்கள். நானும் அதைப் பற்றி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று காலை முன்கொம்பில் நான். தூக்கிய நிமிஷம் ஊரே என் தோளைப் பார்த்தது. நானும்தான் பார்த்தேன். முதல் மண்டகப்படி வரை சிங்கம். இரண்டாவதில் வாய் திறந்த சிங்கம். அதற்கப்புறம் வெயில் ஏறியது, மேளக்காரர் வேகம் கூட்டினார். கொம்பைத் தாங்கத் தோளில் தெம்பு இருந்தது. நெஞ்சில்தான் காற்று இல்லை. சரியாக அந்தத் தெருமுனையில் கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொண்டது.

"கட்டைய ஊனுங்கடா!" என்று அலறினேன்.

பழக்கதோஷத்தில் எல்லாரும் ஊன்றிவிட்டார்கள். அம்மன் நின்றாள். மேளம் நின்றது. நான் மண்ணில் உட்கார்ந்து, வண்டிமாடு மாதிரி இரைத்தேன்.

நாட்டாமைக்காரர் ஓடிவந்தார். "எவன்டா இங்க நிப்பாட்டச் சொன்னது? தூக்குங்க!"

பூசாரி அசையவில்லை. "கட்டை ஊனியாச்சுங்க. தீவாரதனை இல்லாம எடுக்க மாட்டேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

எட்ட நின்ற கூட்டத்தில் பேச்சிமுத்து என்று எங்கள் வயலில் வேலை செய்பவர் இருந்தார். வீட்டுக்குள் ஓடி, ஒரு செம்பில் கருப்பட்டிப் பானக்கம் கொண்டுவந்தார். கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், செம்போடு எட்டவே நின்றார். "ஆத்தா தானா வந்து நின்னுட்டா" என்று யாரோ ஒரு பெண் குலவையிட்டாள்.

நாட்டாமைக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, நெசத்தச் சொல்லு. சாமி பிடிச்சு இழுத்துச்சா, ஒனக்கு மூச்சு வாங்குச்சா?"

அப்பா பக்கத்தில்தான் நின்றார். சாமி இழுத்தது என்றால் பந்தயம் தோற்காது, பட்டாளம் நிச்சயம். மூச்சு வாங்கியது என்றால் ஏர்தான். அந்தத் தெருவுக்கு வந்த அம்மனையும் நானே துரத்தியது மாதிரி ஆகும். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"மூச்சு வாங்குனது எனக்குத்தான்யா. ஊரு முழுக்க எடம் இருக்க, இங்க வந்து ஏன் வாங்குச்சுன்னு அவளைத்தான் கேக்கணும்."

நாட்டாமைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். பூசாரி போய்ப் பேச்சிமுத்துவின் கையிலிருந்து செம்பை வாங்கி, அம்மன் முன்னால் வைத்துத் தீபம் காட்டினார். முன்கொம்புக்கு ஆள் வேண்டுமே? சோணை வந்து தோள் கொடுத்தான். அந்த முருங்கைக்காய் கோயில்வரை தாங்கியது, பேசிக்கொண்டே! நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன்.

"இவனுக்கு எம்புட்டு ஒடம்பு பாரு" என்று என்னைக் காட்டி ஒரு கிழவர் சொன்னார். "உள்ளுக்குள்ள துருத்தி மட்டும் வைக்க மறந்துட்டாக" என்றாள் அங்கம்மா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ஆள் மாத்தியாச்சு. ஏரைப் பிடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ளதச் சொன்ன பாரு, அதுக்காக அடுத்த வருசம் இன்னொரு தடவ பிடிச்சுக்க" என்றார். அவர் என்னை மெச்சியது அதுதான் முதல்முறை.

சோணையையும் எடை பத்தாமல் ஜமேதார் திருப்பி அனுப்பியிருந்தார். இருவரும் ஒப்பந்தம் போட்டோம். என் களியில் பாதி அவனுக்கு, அவன் கால்வாய்க்கரையில் பாதி எனக்கு. ஒருநாள் கர்லாக்கட்டை, ஒருநாள் ஓட்டம். முதல் வாரம் நான் ஓடியதைப் பார்த்து நாய்கள்கூடக் குரைக்கவில்லை. பாவம் என்று விட்டுவிட்டன. போகப்போக மார் கொஞ்சம் வடிந்தது, மூச்சு நீண்டது. அவனுக்குத் தோள் வந்தது.

அடுத்த பங்குனியில் முன்கொம்பில் நாங்கள் இருவரும். அந்தத் தெருமுனையில் கோலம் போட்டு, பேச்சிமுத்துவின் பானக்கச் செம்போடு தெருவே காத்திருந்தது. நிற்பதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பூசாரி, "ஊனுங்கப்பா" என்றார், ஊன்றினோம். கால் பிடிக்கவில்லை. கோயில்வரை ஆள் மாற்றவுமில்லை. அந்த மாதமே இருவரும் பட்டாளத்தில் சேர்ந்தோம். மூட்டை சுமந்து மைல்கணக்காக நடக்கவிட்டார்கள். அம்மன் புண்ணியத்தில் எங்கேயும் உட்காரவில்லை. இருவரும் முழுசாகத் திரும்பி வந்தோம்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வேலையைப் பாதியில் போட்டால், "என்ன, கட்டைய ஊனிட்டியா?" என்பார்கள். அந்த இடத்துக்கு ஊரே வைத்த பெயர் மூச்சுவாங்கி மண்டகப்படி. தீபாராதனை முடிந்ததும் முதல் டம்ளர் பானக்கம் எனக்குத்தான். போன வருஷம் பேச்சிமுத்துவின் மகன் நீட்டியபோது, "எனக்கு எதுக்குய்யா முதல்ல?" என்றேன்.

"நீங்கதானேய்யா மூச்சு வாங்குனீக" என்றான். அங்கம்மாவுக்கு ஒரே சிரிப்பு. நான் மாரை நிமிர்த்திக்கொண்டு வாங்கிக் குடித்தேன்.