ரெண்டு வயசு அக்கா

எண்பதுகளில் தாம்பரத்தில் ரயிலைத் தவிர வேறு எதற்கும் ஒதுங்கி வழிவிடாத ஒரே ஜீவன் அவள்தான். ரயிலுக்கும் மரியாதையால் ஒதுங்கவில்லை, வேறு வழியில்லாமல்தான். வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. நர்ஸிங் ஹாஸ்டலில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவள் 'ரெண்டு வயசு'. ஜூனியர்களுக்கு 'ரெண்டு வயசு அக்கா'.

அந்தப் பேர் கிடைத்தது குழந்தை வளர்ச்சிப் பாடத்தில். குப்புறக் கவிழ்வது, தவழ்வது, தத்தி நடப்பது என்று ஒவ்வொரு மாதமாகக் கடந்துவந்த டியூட்டர் மேடம் இரண்டு வயதில் வந்து நின்றார்.

"இந்த வயசுல குழந்தை எதுக்கெடுத்தாலும் வேணாம், மாட்டேன்னு சொல்லும். எல்லாம் நானே பண்றேன்னு அடம் பிடிக்கும். சாப்பாட்டைத் தள்ளிவிடும். கோபம் வந்தா தரையில உருண்டு புரளும்."

வகுப்பு மொத்தமும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள்.

"நான் எப்போ மேடம் தரையில உருண்டேன்?"

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததுல இன்னா மேடம் தப்பு கீது?"

அவள் பம்மல்காரி. நர்ஸ் என்றால் நாசூக்காகப் பேச வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வார்டன் ஓய்ந்துபோனார். "நோவு வந்தவன் நாசூக்கா கத்துறானா?" என்று கேட்டாள் இவள்.

வார்டனுக்கும் அவளுக்கும் நடந்த போர்களில் பெரியது உப்புமாப் போர். ஹாஸ்டல் ரவா உப்புமாவை ஒரு செங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் செங்கல்தான் மிருதுவாகத் தெரியும். ஒருநாள் அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்றார் வார்டன். சரி என்று உட்கார்ந்தாள். வகுப்பு போனது. அடுத்த வகுப்பும் போனது. கடைசியில் சாம்பார் வாளி உள்ளே வந்தது. "சோறு டைம் ஆயிடுச்சு மேடம். இப்போ போய் யாராவது டிபன் துன்னுவாங்களா?" என்று தட்டைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். எங்கள் ஹாஸ்டலின் சுதந்திரப் போராட்டம் அதுதான். அவமானமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

குழந்தைகள் வார்டில் இன்னும் மோசம். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அழுகிற குழந்தையின் தலையில் வைத்துவிடுவாள். டியூட்டர் மேடம் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலில் ஒரு குட்டி நர்ஸ் உட்கார்ந்திருக்கும், இவள் வெறும் தலையோடு நிற்பாள். "தொப்பி எங்கே?" என்றால், "டூட்டியில கீது மேடம்" என்பாள். வெளியே நிற்கச் சொல்வார்கள். வெளியே நின்றபடி ஜன்னல் வழியாக உள்ளே குழந்தைகளுக்குப் பழிப்புக் காட்டுவாள்.

கடைசி வருடம் பிராக்டிகல் பரீட்சை வந்தது. தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும். மற்றவர்களைவிட அவளுக்குத்தான் அது பெரிய அடி. அப்பா வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார், தங்கையின் படிப்பு இவள் நர்ஸாவதை நம்பித்தான் நின்றது. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருடி" என்று நான் கெஞ்சினேன். பெரிய மனதோடு சம்மதித்தாள்.

பரீட்சை இதுதான்: ஆளுக்கொரு குழந்தையைக் கொடுப்பார்கள். அந்த வயதுக்கு உரியதை அது செய்கிறது என்று, வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் முன்னால் காட்ட வேண்டும். குழந்தைகள் நம் பேச்சைக் கேட்டு நடக்குமா? அதனால் பிஸ்கட்டைக் காட்டி முன்னாடியே ஒத்திகை பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். எனக்குக் கிடைத்த பையனை நான் ஒத்திகையில் படுத்திய பாட்டில், எக்ஸ்டர்னல் டாக்டர் "உன் பேர் என்ன கண்ணா?" என்று கேட்டதும், அவன் "மூக்கு" என்று சொல்லி அதைத் தொட்டும் காட்டினான். எனக்கு நல்ல மார்க்.

ரெண்டு வயசு மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. "அது இன்னா சர்க்கஸா?" என்று விட்டுவிட்டாள். அவளுக்குக் கிடைத்தது கோவிலம்பாக்கத்து இரண்டு வயதுப் பெண் குழந்தை, நிமோனியாவிலிருந்து அப்போதுதான் தேறியிருந்தது. டாக்டர் மரக்கட்டைகளை நீட்டி அடுக்கச் சொன்னார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பந்தை உருட்டினார். அது கண்ணை மூடிக்கொண்டது. பொம்மையைக் காட்டினார். "மாட்டேன்" என்றது.

டாக்டருக்கு அவசரம். "வளர்ச்சி குறைவு. மூளை மந்தம். எழுதிக்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலைப் பார்த்தார்.

கட்டிலருகே நின்ற அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், எங்கொயந்தைக்கு இன்னா சார்? வூட்ல நல்லா பேசுதே சார்..." என்று அழ ஆரம்பித்தாள்.

"எழுத மாட்டேன் சார்" என்றாள் ரெண்டு வயசு.

வாயை மூடு என்று நான் அவளுக்குச் சைகை காட்டினேன்.

"ஃபெயில் பண்ணிடுவேன்" என்றார் டாக்டர்.

"பண்ணிக்கோங்க சார். ஆனா இந்தம்மாகிட்ட சொன்னத வாபஸ் வாங்குங்க. ஊசி குத்துன வெள்ளக் கோட்டு வந்து கட்டய நீட்டுனா எந்தக் கொயந்த சார் வெளாடும்?"

சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். கூட நின்ற டியூட்டர் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் குழந்தை கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கி, தத்தித் தத்திப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டது.

"எழுந்திரும்மா, நேரமாகுது" என்றார் டாக்டர்.

"மாட்டேன் சார்."

"மாட்டேன்" என்றது பக்கத்திலிருந்த குழந்தையும்.

"கேட்டீங்களா சார்? நீங்க சொல்றது புரியுது. பேச்சு வருது. தானா எறங்கி நடந்து வந்து, நான் செய்றதப் பாத்து அதே மாதிரி செய்யுது. இன்னும் இன்னா வோணும் உங்களுக்கு?"

டாக்டர் மரக்கட்டைகளைக் கட்டிலில் வைத்தார். பிறகு அந்த அம்மாவிடம் போய், "அழாதம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். இந்தப் பக்கம் திரும்பி, "ஆனா உனக்கு மார்க் கிடையாது. கட்டை அடுக்கலையே" என்றார். சொன்னபடியே செய்தும் விட்டார்.

எனக்கு வேலை கிடைத்துக் கிளம்பும்போது அவள் ஹாஸ்டலிலேயே இருந்தாள். அவளுடைய வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை. "எதுக்குடி இப்படிப் பண்ணினே?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆறு மாசம் கண்ண மூடித் தொறந்தா போய்டும். அந்த வார்த்த அந்தம்மா மனசுல ஆயுசுக்கும் கெடந்திருக்கும்" என்றாள்.

அவளை அடங்காப்பிடாரி என்று சொன்னவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அடங்கி நடந்து நல்ல மார்க் வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா யார் நர்ஸ் என்று?

என் டிரங்குப் பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். ரயில் நகர்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வேலைக்குப் போற பொண்ணு அழலாமா?" என்று எதிர் சீட்டு அம்மாள் கேட்டார். புது வார்டில் எனக்காகச் சண்டை போட அவள் இருக்கமாட்டாளே என்பதை நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்?