வெள்ளிக்கிழமை ஆறு மணி முறையும் என் மடிக்கணினியும்

ஈசல்மி, அக்டோபர் 14

அன்புத் தங்கை ஹில்க்காவுக்கு, அண்ணன் உர்போ எழுதிக்கொள்வது. இங்கே நான், என் இடுப்பு, முதல் பனி மூவரும் சௌக்கியம். ஸ்வீடனில் நீயும் உன் நாயும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

என் மடிக்கணினிக்குப் பன்னிரண்டு வயது. இனிமேல் புதுப்பிப்பு கிடையாது, வேறு வாங்கு என்று தினமும் திரையில் ஒரு மிரட்டல். முப்பத்தெட்டு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவன், ஓடுகிற வண்டியைக் கழித்துப் போடுவேனா? நூலகத்தில் கணினி உதவி பார்க்கும் தூலியாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். "லினக்ஸ்னு வேற இயங்குதளம் போட்டுட்டா இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும், உர்போ," என்றாள். நம் ஹெல்சின்கியில் பிறந்த சாமான், விலையும் கிடையாது என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ ஒரு தாளை நீட்டினாள், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அரைமணி நேரம் கணினியைக் குடைந்துவிட்டு, ஒரு பென் டிரைவையும் கொடுத்து, "இது நிறைய கேள்வி கேக்கும். ஒவ்வொண்ணையும் படிச்சுப் பாத்து அமுக்குங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். எந்த மொழி, எந்த ஊர், எந்த விசைப்பலகை என்று பெண் பார்க்க வந்தவர்களைப்போல விசாரணை. மணி ஆறு ஆகப் பத்து நிமிடம். ஆறு மணிக்கு, கட்டடத்து அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சவுனா நீராவிக் குளியலறையில் என் முறை என்பது உனக்கே தெரியும். லினக்ஸ் காத்திருக்கும், சூடேறிய கல் காத்திருக்குமா? 'அடுத்து, அடுத்து' என்று ஆறு தடவை அமுக்கிவிட்டு, துண்டையும், உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஏழு மணிக்குச் சிவந்த முகத்தோடு திரும்பினால் கணினி புது மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறது, ஆனால் உள்ளே ஒரு கோப்பும் இல்லை. நாலாவது கேள்வி, வட்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா என்பதாம். போனது என்ன தெரியுமா? நம் கட்டடத்துப் பதினாலு வீட்டுக்கும் இருபத்தாறு வருடமாக நான் கட்டிக்காத்த சவுனா முறைப் பட்டியல்.

கட்டடத்தார் கூட்டம் போட்டார்கள். யாருக்கு எந்த முறை என்று தலைவர் ரைமோ கேட்டதும் நாலு வீட்டார் வெள்ளி ஆறு மணி தங்களுடையது என்றார்கள். நான் ஐந்தாவது. "பட்டியல் எங்கே, உர்போ?" என்றார் ரைமோ. "லினக்ஸ் தின்னுடுச்சு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு லெம்பி ஹோலொபைனன் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். 'அது உர்போவுடையது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைசியில் ரைமோவின் கம்பளித் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். வெள்ளி ஆறு மணி லெம்பிக்கு விழுந்தது. எனக்குச் செவ்வாய் நாலு மணி. அது மனிதன் குளிக்கிற நேரமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஹில்க்கா.

ஆகவே நீ உடனே ரைமோவுக்கு ஒரு சாட்சிக் கடிதம் எழுத வேண்டும். 2002-இல் நீ இங்கே வந்தபோது வெள்ளி ஆறு மணிக்குத்தான் சவுனாவுக்குப் போனாய் என்று தேதியோடு எழுது. மற்றபடி லினக்ஸ் அருமையாக ஓடுகிறது. உன் மூட்டுவலி தீரட்டும், நாய்க்கு ஒரு தட்டு தட்டிவிடு.

இப்படிக்கு,
உரிமை பறிபோன அண்ணன்,
உர்போ

பி.கு. சாட்சிக் கடிதம் எழுதாதே. தூலியா இப்போதுதான் போன் செய்தாள். நான் கையெழுத்துப் போட்ட தாள், என் கோப்புகளுக்கு அவள் ஒரு நகல் எடுத்து வைக்கச் சம்மதமாம். ஓடிப்போய் அந்த நகலை வாங்கி வந்து பட்டியலைத் திறந்தேன். உர்போ: செவ்வாய் நாலு மணி. லெம்பி ஹோலொபைனன்: வெள்ளி ஆறு மணி. பக்கத்தில் 2002 தேதியிட்டு நானே அடித்த குறிப்பு: 'தங்கை வந்திருப்பதால் இந்த ஒரு வாரம் மட்டும் மாற்றிக்கொள்கிறோம்.' வெட்கம் பிடுங்கித் தின்ன, ஏலக்காய் ரொட்டியோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, முறையைத் திருப்பித் தர மறந்ததைச் சொன்னேன்.

"தெரியும்," என்றார் லெம்பி. "நீங்களா கவனிப்பீங்கன்னு இருந்தேன்."

"இருபத்துமூணு வருஷமாவா?"

"அவசரம் ஒண்ணும் இல்லையே," என்று ரொட்டியை வாங்கிக்கொண்டார்.