ஜோகுபாளையத்துப் பங்குதாரர்

இந்தியாவில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை அட்டை முதல் அட்டை வரை, அடிக்குறிப்புகூட விடாமல் படித்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறிக்கையை அச்சடித்தவர்கள் அதைப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். வெளியிட்டவர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

அவர் பெயர் என்ன என்று பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. தெருவே அவரை ‘ஷேர்ஹோல்டர்’ என்றுதான் கூப்பிட்டது. மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். ஆட்குறைப்பின்போது கொடுத்தனுப்பிய தொகையோடு நாற்பது பங்குகளும் அவருக்கு வந்தன. தொகையில் வண்டியும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கினார். பங்குகளை அப்படியே வைத்துக்கொண்டார்.

“நேத்து வரைக்கும் அங்க லேபர் சார். இன்னிக்கு ஓனரு. நாப்பது ஷேரு அளவுக்கு ஓனரு” என்பார்.

ஓனர் ஆனவருக்குப் பொறுப்பு வேண்டாமா? இப்போதெல்லாம் கம்பெனிகள் ஆண்டறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கின்றன. இவர் ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்டு அச்சுப் பிரதியை வரவழைப்பார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கரிமூட்டைக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்து, ஒரு சட்டைக்கு இரண்டு வரி வீதம் படிப்பார். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்க வரும், அர்த்தம் வராது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சந்தேகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, தேய்த்த சட்டையின் பையில் வைத்து அனுப்பிவிடுவார். பதில் சீட்டு வந்தால் அடுத்த தடவை அந்த வீட்டுத் துணி முதலில் தேயும். வராவிட்டால் வரிசையில்தான்.

மூன்றாவது மாடியில் இருந்த ஒரு ஆடிட்டருக்கு ஒரே வாரத்தில் ஏழு சீட்டு போயிற்று. மனிதர் எட்டாம் நாள் கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு சீட்டெல்லாம் எனக்கு. புள்ளிவிவரத் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். என் வீட்டிலிருந்து அவர் வண்டிக்கு அறுபத்திரண்டு அடி. அந்த அறுபத்திரண்டை நான் நடந்த அளவுக்குக் கோயில் பிரகாரத்தைச் சுற்றியிருந்தால் மோட்சமே கிடைத்திருக்கும்.

“ஏங்க, உங்க சட்டைப் பையில ‘ரிசர்வ்னு நூறு கோடி இருக்குதாம், அது எந்த பீரோல இருக்கு?’ன்னு எழுதியிருக்கு. யாருக்கு நூறு கோடி?” என்றாள் என் மனைவி ஒரு நாள்.

நான் போய் விளக்கினேன். அது பீரோவில் இருக்கும் பணம் இல்லை. இத்தனை வருடம் சம்பாதித்து, பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் தொழிலிலேயே விட்டு வைத்த லாபம். கட்டடமாக, இயந்திரமாக, சரக்காக அது எப்போதோ மாறியிருக்கும்.

அடுத்த சீட்டு டிப்ரிசியேஷன். அதற்கும் போனேன். “உங்க பெட்டியை எட்டாயிரத்துக்கு வாங்கினீங்க. எட்டு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு ஆயிரம் தேய்மானம்னு செலவு எழுதணும். கையை விட்டுக் காசு போகாது, ஆனா லாபத்துல குறையும்.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். “பெட்டி தேயறதுக்கு எழுதிட்டோம் சார். தோள்பட்டை தேயுதே, அத எந்த லைன்ல எழுதறது?”

கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

ஒரு நாள் காலை ஆறு நாற்பதுக்குக் கதவைத் தட்டினார். மூச்சு இரைத்தது. “சார், ரெண்டு கணக்கு வெச்சிருக்கானுங்க! ஒண்ணுல லாபம் ஜாஸ்தி, இன்னொண்ணுல கம்மி. அதையும் ஒரே புக்குல அச்சடிச்சு நமக்கே அனுப்பறானுங்க. இன்னா தைரியம் பாருங்க!”

“உக்காருங்க. ஒண்ணு கம்பெனியோட தனிக் கணக்கு. இன்னொண்ணு அதுக்குக் கீழ இருக்கற சின்னக் கம்பெனிங்களையும் சேத்த மொத்தக் கணக்கு. ரெண்டும் இருக்கணும்.”

“ரெண்டுல எது நெசம்?”

“ரெண்டும் நெசம். உங்க வண்டிக் கணக்கு தனி. உங்க மச்சான் வண்டியையும் சேத்து ஒரு கணக்குப் போட்டா?”

“மச்சானைச் சேத்தா லாபம் பூரா பூடும் சார்.”

“அதேதான் அங்கயும் நடந்திருக்கு.”

எழுந்து புத்தகத்தை இடுக்கிக்கொண்டார். “பாவம், அவங்களுக்கும் மச்சான் இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி அவருக்குப் பாடம் எடுத்த கர்வத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் புத்தகத்தை இரவல் வாங்கி, நான்கு வருட நிகர லாபத்தை வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். கோடு அழகாக ஏறியது. என் மனைவியின் இடது முழங்கால் ஆபரேஷனுக்கென்று மூன்று லட்சம் வைத்திருந்தேன். டாக்டர் அடுத்த வருடம் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் பணம் கொஞ்சம் வளரட்டுமே என்று மூன்று லட்சத்துக்கும் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. பெருமை தாங்காமல் ஷேர்ஹோல்டரிடம் மட்டும், அது முழங்கால் பணம் என்பது உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “யாரைக் கேட்டு வாங்கினீங்க?”

“உங்க புத்தகத்தைப் பாத்துத்தான்.”

“ஐயோ, நான் இன்னும் படிச்சே முடிக்கல சார்! நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல இருக்கேன்!”

அன்றிலிருந்து அவர் படித்த வேகமே வேறு. சட்டைக்கு இரண்டு வரி என்பது சட்டைக்கு அரைப் பக்கம் ஆயிற்று. என் வேட்டியில் இரண்டு இடம் பொசுங்கியது. ஒன்பதாம் நாள் சீட்டு வரவில்லை, ஆளே வந்தார். பணப்புழக்க அறிக்கை இருந்த பக்கத்தில் கரிவிரலை வைத்தார்.

“சார், நம்பருக்கு பிராக்கெட் போட்டா, சத்தமா சொல்லாதேன்னு அர்த்தமா?”

“கழித்தல்னு அர்த்தம்.”

“அதான் சத்தமா சொல்லல. பாருங்க, லாபம் நாலு வருஷமா ஏறுது. தொழில்லேர்ந்து கைக்கு வந்த காசுன்னு இங்க ஒரு லைன் இருக்கு. ரெண்டு வருஷமா பிராக்கெட்டு. லாபம் வருதுன்றான், காசு எங்க?”

“வித்த சரக்குக்கு இன்னும் பணம் வரல. டீலர்கிட்ட பாக்கி நிக்கும். வியாபாரத்துல அது சகஜம்” என்றேன், மெத்தப் படித்தவன் குரலில்.

“சகஜந்தான். எதிர்ல பி.ஜி. ஹாஸ்டல் இருந்துச்சே, மாசம் நானூறு துணி வரும். எல்லாம் கடன். நோட்டப் பாத்தா நான் ராஜா. கரி வாங்கக் காசு இருக்காது. ஒரு நாள் பாத்தா ஹாஸ்டலையே காலி பண்ணிகினு பூட்டான். நோட்டு இன்னும் வூட்டுல இருக்கு. வேணுமா சார்?”

விற்பனை நூற்றுக்குப் பத்து ஏறிய இடத்தில் வர வேண்டிய பாக்கி நூற்றுக்கு இருபத்தைந்து ஏறியிருந்ததை அவர் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். நான் அந்த வரியைத் தாண்டித்தான் லாபத்துக்குப் போயிருந்தேன். ஆனாலும் விற்க மனம் வரவில்லை. அதற்குள் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. நஷ்டத்தில் விற்பதா? மூன்று லட்சத்தைத் தினமும் காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும் போனில் எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறுவதையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“விடுங்க, மீட்டிங்ல கேட்டுர்றேன்” என்றார் ஷேர்ஹோல்டர்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் இப்போது போன் திரையில்தான் நடக்கிறது. பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். ஷேர்ஹோல்டர் என்னை வைத்து ஒத்திகை பார்த்தார். கடிகாரம் பிடித்தேன், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. அன்றைக்குத் தன் வெள்ளைச் சட்டையை மூன்று முறை தேய்த்தார். போனைத் துணி மூட்டையின் மேல் சாய்த்து வைத்தார். முன்னால் பேசிய ஆறு பேரும் தலைவரைப் புகழ்ந்தார்கள். ஒருவர், பங்குதாரர்களுக்கு ஒரு டேபிள் ஃபேன் இலவசமாகத் தரலாமே என்றார்.

ஏழாவது இவர். ஊர் மொழியான கன்னடத்தில் வணக்கம் சொன்னார், ஆங்கிலத்தில் எண்களைச் சொன்னார், கோபம் வந்த இடத்தில் தமிழுக்கு வந்துவிட்டார்.

“நீங்க லாபம்னு எழுதறீங்க, பாக்கி ஏறிகினே போவுது. அது யாரு பாக்கி? எப்ப வரும்? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. முட்டி ஆபரேஷனுக்கு வெச்ச காசக்கூட ஜனங்க இதுல போட்டிருக்காங்க!”

அதோடு இரண்டு நிமிடம் முடிந்து அங்கே அவர் மைக்கை அணைத்துவிட்டார்கள். இவருக்கு அது தெரியாது. இன்னும் நாலு நிமிடம் பேசினார். கம்பெனிக்குக் கேட்காத அந்த நாலு நிமிடத்தை எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. காய்கறி வாங்க வந்த என் மனைவியும் கேட்டாள்.

“யாரோட முட்டி?” என்றாள் என்னைப் பார்த்து. அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிட வரம்பு எதுவும் இல்லை.

பத்தொன்பது நாள் கழித்து மின்னஞ்சலில் கம்பெனியின் பதில் வந்தது. ஷேர்ஹோல்டர் போனை என்னிடம் நீட்டினார். எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு வார்த்தை. ‘மதிப்புமிக்க’ மூன்று முறை, ‘நம்பிக்கை’ ஐந்து முறை. இலக்கம் ஒன்றுகூட இல்லை. எண் கேட்டவனுக்கு எண் இல்லாத பதில் எப்போது எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருடத்தில் நானே நிறைய எழுதியிருக்கிறேன். அன்று மத்தியானமே முழுவதையும் விற்றேன். பதினோராயிரத்துச் சொச்சம் நஷ்டம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்து மாதம் கழித்து, அந்தப் பாக்கியில் பெரும்பகுதி வராது என்று கம்பெனியே அறிவித்தது. பங்கின் விலை பாதிக்கும் கீழே போயிற்று. என் மனைவி அப்போது புது முழங்காலோடு வராண்டாவில் நடை பழகிக்கொண்டிருந்தாள்.

நான் அறுபத்திரண்டு அடியையும் ஓட்டமாகக் கடந்து வண்டிக்குப் போனேன். “நீங்களும் வித்துட்டீங்கதானே?”

“இல்ல சார்.”

“என்னய்யா இது! எனக்கு அவ்வளவு சொல்லிட்டு?”

அவர் ஒரு பேன்ட்டின் மடிப்பை நேராக்கிக்கொண்டே சொன்னார். “உள்ள பேக்கிங்ல நம்ம ஆளுங்க இன்னும் அறுவது பேரு இருக்காங்க. நானும் வித்துட்டா அடுத்த வருஷம் யாரு சார் கேள்வி கேக்கறது?”

இப்போது நாங்கள் நகரத்துக்கு வெளியே, சந்தாபுராவில் மகள் வீட்டில் இருக்கிறோம். அந்தக் கம்பெனியின் ஒரே ஒரு பங்கை மறுபடி வாங்கி வைத்திருக்கிறேன். “ஒண்ணா? ஒண்ணு வெச்சு என்னப்பா பண்ணுவ?” என்று மகள் சிரித்தாள். பங்கு இருந்தால்தான் கூட்டத்துக்குள் விடுவார்கள் என்று சொன்னேன்.

இந்த வருடக் கூட்டம் முடிந்ததும், “உன் ஷேர்ஹோல்டர் என்ன கேட்டார்? பாக்கி எவ்வளவு குறைஞ்சிருக்காம்?” என்று கேட்டாள்.

நான் கவனிக்கவில்லை. ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.