இடது பின்சக்கர நட்டின் திறப்பு விழா

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது, அதைக் கழற்ற ஒரு நாள் தலைவர், செயலாளர், பொன்னாடை எல்லாம் தேவைப்படும் என்று யோசிக்கவே இல்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்த்து வைத்த பெருமை ஸ்கூடாயில் இயங்கும் 'தென் ஜொகூர் பழம்பெரும் வாகனக் காப்புச் சங்க'த்தையே சேரும்.

சங்கத்தின் செயலாளர் ஹேமநாதன். மலாய்க்காரர்கள் 'கெரேத்தா கூரா', அதாவது ஆமை வண்டி என்று செல்லமாக அழைக்கும் பழைய கார் ஒன்று அவரிடம் இருந்தது. ஓடுவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் கொஞ்சம் தயக்கம். மகள் லோஷினிக்கு ஞாயிற்றுக்கிழமை கூலாய் கோயிலில் கல்யாணம். ஆறு வயதில் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, "கல்யாணத்துக்கு இதுலதான் போவேன்" என்று அவள் சொன்னதையும், இவர் கையில் அடித்துச் சத்தியம் செய்ததையும் வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஆகவே பிரேக்கைப் பிரித்துச் சீர்செய்தாக வேண்டும். அதைப் பிரிக்க, ஒவ்வொரு பின்சக்கரத்தின் நடுவிலும் அச்சில் இறுகிக் கிடக்கும் பெரிய நட்டை முதலில் கழற்ற வேண்டும்.

வலது பக்க நட்டு மரியாதை தெரியாதது. முதல் இழுப்பிலேயே கழன்றுவிட்டது. இடது பக்க நட்டு அப்படிப்பட்ட அற்பப் பிறவி அல்ல. ஹேமநாதன் எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், ஸ்பேனரில் தொங்கியும் பார்த்தார். நட்டு அசையவில்லை. அவருடைய இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

இந்த நிலையில் சாதாரண மனிதன் பட்டறைக்குப் போவான். செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

செவ்வாய் மாலை அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் கார் கொட்டகையில் நாற்காலி போட்டு, நட்டைச் சுற்றி அமர்ந்தார்கள்.

"இது எப்ப இறுகுச்சு?" என்று விசாரணையைத் தொடங்கினார் தலைவர் லோகேஸ்வரன்.

"தெரியல தலைவரே."

"அப்ப முந்தின நிர்வாகத்துல நடந்ததுன்னு எழுதிக்குங்க."

பொருளாளர் சபாபதி விவரம் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "நீளமா ஒரு பைப்ப மாட்டி அமுக்குனா வந்துரும் லா."

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வந்துரும், சபா. சும்மா வந்துரும். அதுல சங்கத்துக்கு என்ன? டத்தோவ கூப்பிட்டுக் கழட்டுனா அது ஒரு நிகழ்ச்சி."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அரசப் பட்டம் பெற்ற ஊர்ப் பிரமுகரான டத்தோ நட்டைத் திறந்து வைப்பார். அன்று மதியமே பிரேக் வேலை முடிந்துவிடும் என்று தலைவர் ஹேமநாதனின் தோளைத் தட்டினார்.

வியாழக்கிழமை ஹேமநாதன் பதாகை வாங்கிவரப் போனார். அவர் மனைவி கஸ்தூரி செனாயில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார். அவர் காரை முதல் கியரில் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஸ்பேனர் பிடியில் பழைய வேலிக் குழாயை மாட்டினார். குழாயின் நுனியில் கல்யாணப்பெண் ஏறி நின்றாள். நட்டு 'டக்'கென்று கழன்றது. தலைமையுரை, நன்றியுரை எதையும் அது கேட்கவில்லை.

திரும்பி வந்த ஹேமநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கஸ்தூரி மரையைப் பிரஷால் தேய்த்து, துரு போக்கி, கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"சிம்பாங் ரெங்கத்துல பிரேக் சாமான் இருக்காம். இப்பவே போலாங்க."

போயிருக்கலாம். ஆனால் ஹேமநாதன் கையில் பதாகை இருந்தது. அவர் தலைவரை அழைத்தார்.

"கழன்றுருச்சா?" சாவுச் செய்தி கேட்டவர்போல் தலைவரின் குரல் இறங்கியது. "அலமாக். வெளிய யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மறுபடியும் பூட்டுங்க. நாங்க வர்றோம்."

அரை மணி நேரத்தில் நிர்வாகம் முழுவதும் வந்து சேர்ந்தது. டத்தோ கை வைக்கும் முன்பே நட்டு தானாகக் கழன்றுவிட்டால் மானம் போய்விடும் அல்லவா? அதே குழாயில் பதினொரு பேரும் முறை வைத்து ஏறி நின்று இறுக்கினார்கள். சபாபதி இரண்டு முறை நின்றார். அவர் எடைக்கு அது அதிகம்.

வாசலில் நின்ற கஸ்தூரி கேட்டார். "டத்தோ இத எப்படிங்க கழட்டுவாரு?"

"அவரு தொட்டா போதும்மா. மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றார் தலைவர்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டிய டத்தோ பதினொன்றரைக்கு வந்தார். ரிப்பன் கட்டிய குழாயைத் தொட்டார், படம் எடுத்தார்கள். இழுத்தார், நட்டு அசையவில்லை. பதினொரு பேரும் சேர்ந்து இழுத்தார்கள், குழாய் வளைந்தது. டத்தோ, நம் சமுதாயம் முட்டுக்கட்டைகளைத் தகர்த்து முன்னேறுவது பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டார். அவருடைய காரில் பிரேக் நன்றாக இருந்தது.

ஞாயிறு காலை, போனில் அழைத்த வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. பட்டுப்புடவையில் லோஷினி ஆமை வண்டியின் கூரையை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"கோவம் இல்லப்பா" என்றாள். "ஆனா அன்னிக்கு பைப் மேல நின்னது நான். அது கழன்றத நான் பாத்தேன்."

ஹேமநாதன் வாடகைக் காரின் கதவைத் திறந்துவிட்டார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பக்கத்து இலையில் தலைவர் பாயசத்தை முடித்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"நிகழ்ச்சி அறிக்கை எழுதிட்டீங்களா? தோல்விக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். துருன்னு போட்ருங்க."

ஹேமநாதன் அன்று மாலையே அறிக்கையை எழுத உட்கார்ந்தார். எவ்வளவு யோசித்தும் துரு என்று எழுத வழியில்லை; அதைக் கஸ்தூரி வியாழக்கிழமையே தேய்த்துப் போக்கியிருந்தார். செயலாளர் பொய் எழுதக்கூடாது என்பது சங்க விதி. ஆகவே 'காரணம்' என்ற கட்டத்தில், வியாழக்கிழமை குழாயில் ஏறி நின்று இறுக்கிய பதினொரு பேரின் பெயர்களையும் வரிசையாக எழுதினார். முதல் பெயர் ஹேமநாதன்.