சாவிக்கடைச் சக்கரவர்த்தி

பெருமதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன், மகள் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து எழுதுவது. நீங்களும் அக்காவும் உங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. ஃபோனில் பேசினால் மகள் காதில் விழும், மெசேஜ் போட்டால் உங்கள் தங்கை கண்ணில் படும், ஆகவே இருபது வருஷம் கழித்துப் பேனா பிடிக்கிறேன். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அக்காவிடம் காட்ட வேண்டாம். அவர்களிடம் சொன்னால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நம்ம பொண்ணு கல்யாண வரவேற்பில், ஹால் வாசலில் நானும் நீங்களும் நின்றோமே, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளையின் அப்பா, அதான் நம்ம சம்பந்தி, வேற மொழி, வேற நிறம், சாவி வெட்டுகிற கடைக்காரர், என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில், அவர் கையை விடாமலே, வாயெல்லாம் பல்லாக நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? "இவங்க வீட்டுல பொறக்கப்போறது நம்ம பிள்ளையாவா மச்சான் இருக்கும்? நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியுமா அதுக்கு? யாரோ வீட்டுப் பிள்ளை." நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அவரும் சிரித்தார், ஏதோ வாழ்த்துகிறோம் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டி நன்றி சொன்னார். அத்தனையும் வீடியோவில் இருக்கிறது மச்சான். சத்தத்தோடு.

அதற்கென்ன இப்போ என்கிறீர்களா? போன வாரம் விமானத்திலிருந்து இறங்கி, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நானும் உங்கள் தங்கையும் வெளியே வருகிறோம். சம்பந்தி நிற்கிறார். பக்கத்தில் நம்ம பேத்தி, ஆறு வயசு, இதுவரை ஃபோன் திரையில் மட்டுமே பார்த்த முகம். மாப்பிள்ளையின் சுருட்டை முடி, சம்பந்தியின் நிறம், நடுவில் என் மூக்கு. அப்படியே என் மூக்கு மச்சான், அந்தப் பாவப்பட்ட குழந்தைக்கு. நான் 'ஹலோ' சொல்ல வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி இரண்டு கையையும் விரித்து, அந்தக் கூட்டத்துக்கு நடுவில், இடி இடிக்கிற குரலில் முழங்கினார்: "வருக! வருக! பயணம் இனிதே அமைந்ததா? வழியில் கள்வர் பயம் ஏதும் இல்லையே?" நான் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டேன். அது போய் ஒரு போலீஸ்காரர் காலில் மோதியது. அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, இவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நிற்கும்போது நம்ம பேத்தி முன்னால் வந்து இடுப்பை வளைத்து, "தாத்தாவே, தங்கள் வரவு நல்வரவாகுக" என்றது. உங்கள் தங்கை அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை, கண்ணில் தூசி.

எப்படி என்று காரில் வரும்போது மகள் சொன்னாள். யாரோ ஒரு தமிழ்க்காரர் வீடு காலி செய்யும்போது, சாவி தொலைந்துபோன ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்துதரச் சொல்லிச் சம்பந்தியிடம் கொண்டுவந்தாராம். திறந்தால் உள்ளே நாற்பது பழைய தமிழ் ராஜா பட டிவிடிகள். அந்த ஆள் பெட்டி போதும் என்று எடுத்துக்கொண்டு படங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். சம்பந்தி அவற்றை எழுத்து எழுத்தாக, வசனம் வசனமாக, கடையில் சாவி வெட்டிக்கொண்டே பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறார். மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை, மாப்பிள்ளை பகலெல்லாம் லாரி ஓட்டுகிறார். குழந்தை வளர்ந்தது முழுக்கக் கீழே சாவிக்கடையில். "அவ தமிழ் பேசுவாப்பான்னு நான் எத்தனை தடவை சொன்னேன், நீங்கதான் ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சீங்க" என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பெட்டியில் புதுப்படமாக இருந்திருந்தால் பிள்ளை என்ன பேசியிருக்குமோ, அந்த மட்டும் தப்பித்தோம்.

ஆனால் மச்சான், இந்த வீட்டில் இருப்பது அரண்மனையில் இருக்கிற மாதிரிதான். காலையில் பால் கொடுத்தால், "அன்னையே, இதை யாம் அருந்தோம்!" குளிக்கக் கூப்பிட்டால், "நீராட்டம் நாளை." பென்சிலைப் பிடுங்கினால், "என்ன அநீதி இது! கேட்பார் இல்லையா இந்நாட்டில்?" கேட்பார் கீழே சாவிக்கடையில் இருக்கிறார், உடனே மாடிப்படியில் குரல் வருகிறது: "யாரங்கே! இளவரசியை அழவைத்தது யார்?" மகள் சலித்துப்போய் "நான்தான் மாமா, தூக்குல போடுங்க" என்கிறாள்.

இப்போது நான் தலைகுனிந்த கதையைக் கேளுங்கள். வந்த மறுநாள் நான் ஆசையாக, "குட்டி, அந்த ஃப்ரிட்ஜ் டோரை க்ளோஸ் பண்ணிட்டு, ரிமோட்டை எடுத்து டேபிள்ல வைம்மா" என்றேன். குழந்தை அசையாமல் நின்றது. வீடியோ காலிலும் இப்படித்தான் முழித்துவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் ஓடிப்போகும், பார்த்தியா நான் சொன்னது சரியாப்போச்சு என்று அப்போதெல்லாம் உங்கள் தங்கையிடம் சொல்லுவேன். இந்தத் தடவை அது ஓடவில்லை. சம்பந்தியின் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னைக் காட்டி, மரியாதையாகத்தான் கேட்டது: "தாத்தா, இவர் எந்த நாட்டவர்?"

மச்சான், பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஸ்பேனர், கேஸ்கெட், பிரேக் ஷூ என்று பேசிப் பேசி என் வாயில் தமிழ் பாதிதான் மிச்சம் என்பது ஆறு வயசுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கலப்பு, கலப்பு என்று எட்டு வருஷம் புலம்பினேனே, கலப்படம் யாருன்னு இப்ப சொல்லுங்க. சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? சிரிக்கவில்லை. குனிந்து குழந்தையின் தலையைத் தடவி, "நம்மவர்தான் கண்ணே. சற்றே கலந்து பேசுகிறார். கதவை மூடச் சொல்கிறார்" என்று எனக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றார். நம்மவர் என்றார் மச்சான். என்னை.

அன்றிலிருந்து நான் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடை ஒரு ஆள் படுக்கிற அகலம்தான். சுவரெல்லாம் வெட்டாத சாவிகள். கல்லாவுக்கு மேலே சின்ன டிவி. யாராவது சாவியைக் கொடுத்தால் அதன் பற்களை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, பார்க்காமலே பாதி வெட்டிவிடுகிறார். பக்கத்தில் ஒரு தடிமனான நோட்டு. புரட்டினேன். கோழி கிளறின மாதிரி எழுத்தில் ஆரம்பித்து, போகப் போக அச்சடித்த மாதிரி தமிழ். எட்டு வருஷம்! என் சொந்தத் தம்பி மனைவியின் மொழி அடுத்த தெருவில் பேசுகிற மொழிதான், அதில் நான் 'சாப்பிட்டாச்சா' கூடக் கற்றுக்கொண்டதில்லை. முதல் பக்கத்தைப் பார்க்கலாம் என்று திருப்பினேன், சட்டென்று கையை வைத்து மூடிவிட்டார். "அது மட்டும் அரச இரகசியம்" என்றார்.

சரி, ஆபத்து எங்கே வந்தது என்றால், வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் எழுந்து நின்று அறிவித்தார்: "ஞாயிறன்று நம் மக்களின் மணக்காட்சியை அனைவரும் ஒருங்கே கண்டு களிப்போம்!" கல்யாண வீடியோவைத்தான் சொல்கிறார். வெள்ளிக்கிழமை அந்த வீடியோ இருந்த பென் டிரைவை எடுத்து என் கால்சட்டைப் பையில் ஒளித்தேன். சனிக்கிழமை உங்கள் தங்கை அந்தக் கால்சட்டையை வாஷிங் மெஷினில் போட்டாள். சரி, தொலைந்தது சனியன் என்று நான் நிம்மதியாக உட்கார்ந்தால், மெஷின் கதவு திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. பூட்டு என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? சம்பந்தி வந்தார், இரண்டு கம்பியை விட்டுத் திறந்தார், வடிகட்டியில் சிக்கியிருந்த பென் டிரைவை எடுத்து, துடைத்து, வெயிலில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் செருகினார். வேலை செய்தது! ரிமோட்டிலிருந்து பாட்டரியை நான் முன்பே கழற்றி வைத்திருந்தேன். அவர் எழுந்துபோய் டிவியிலேயே பட்டனை அழுத்தினார்.

ஹால் வாசல் வந்தது. நீங்கள் வந்தீர்கள். என் வாய் திறந்தது. நான் இரும ஆரம்பித்தேன் மச்சான். என்ன இருமல்! எழுந்து, டிவிக்கு முன்னால் போய், குனிந்து, நிமிர்ந்து, உயிர் போகிற மாதிரி இருமினேன். குழந்தை முதுகில் குத்தி "அஞ்சற்க தாத்தா, அஞ்சற்க!" என்றது. உங்கள் தங்கை வீடியோவில் தன் புடவையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை, "தள்ளி நின்னு இருமுங்க" என்றாள். சம்பந்திதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தோளில் கை வைத்து, "மெல்ல, மெல்ல. அந்தக் காட்சி போய்விட்டது" என்றார். எனக்காகக் காட்சியைத் தவறவிட்டாரே பாவம்! அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டுவிடலாமே என்பீர்கள். மூன்று தடவை கடைக்குப் போனேன். ஸ்டோரில் கொடுத்த சாமானைத் திரும்ப வாங்கிப் பழக்கம் இல்லாதவன், வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் மூன்று தடவையும் தேவையில்லாத டூப்ளிகேட் சாவி செய்துகொண்டு வந்தேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். என் பேத்தியை என்னோடு பேசவைத்த மனுஷன், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த வாக்கியத்தை ஒருநாளும் கேட்டுவிடக் கூடாது. ஆகவே உங்களிடம் இருக்கிற காப்பியை இன்றே அழித்துவிடுங்கள். அடுத்த மாதம் அவர் நம்ம ஊருக்கு வருகிறார், உங்களைப் பார்க்கத் துடிக்கிறார். அவர் முன்னால் எதையாவது உளறி, சிரித்து வைக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, முழங்காலுக்குத் தைலம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: நான் தபால் பெட்டியைத் தேடி அலைய வேண்டாம் என்று சம்பந்தியே வாங்கிக்கொண்டு போகிறார். பசை தீர்ந்துவிட்டது, கடையில் ஒட்டிக்கொள்கிறேன் என்றார். பயப்பட வேண்டாம். என் கையெழுத்தை டெப்போ மேனேஜராலேயே முப்பத்தொரு வருஷம் படிக்க முடிந்ததில்லை.

வேறொரு கையால் இன்னுமொரு பி.கு.:

மாண்புமிகு மைத்துனர் அவர்களுக்கு, வணக்கம். சாவியின் பற்களைப் படிப்பவனுக்கு இந்தக் கையெழுத்து எம்மாத்திரம்? பிறர் மடலைப் படித்தது பிழை, பொறுத்தருள்க.

அன்று அவர் என் கையைப் பிடித்தபடி புன்னகையோடு ஏதோ சொன்னார். வாழ்த்து என்று எண்ணினேன். அதை அவர் மொழியிலேயே அவருக்குத் திருப்பிச் சொல்ல ஆசை கொண்டேன். காணொளியை நூறு முறை ஓட்டி, கேட்டதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். நாற்பது படங்களில் எந்த மன்னரும் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. முழுப்பொருளும் விளங்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. விளங்கிய நாளில் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தேன். பேத்தி பிறக்க அப்போது இன்னும் மூன்று திங்கள் இருந்தன. 'ஒரு வார்த்தை பேசத் தெரியுமா' என்றுதானே கேட்டிருந்தார்? கற்பிக்க எனக்குக் காலம் இருந்தது.

காப்பியை அழிக்க வேண்டாம். அது என் முதல் பாடநூல். நான் படித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லவும் வேண்டாம். நாளை நான்காம் முறையாகச் சாவி செய்ய வருவார், வரட்டும். இருமல் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
யாரோ வீட்டுப் பிள்ளையின் தாத்தா